டார்சி லெம்லி கொண்டுவந்த இரண்டு கைத்துப்பாக்கிகள்

ரோவீனா ஹாஸ்கெட்டுக்கு மன்னிக்க வராது. சிலருக்குப் பாட வராதது போல, சிலருக்கு மாவு பிசைய வராதது போல. ஒரு தடவை மெதடிஸ்ட் சபை விருந்தில் அவள் சுட்டுக் கொண்டுபோயிருந்த ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தைத் தான் செய்ததாக இன்னொருத்தி சொல்லிக்கொண்டாள். ரோவீனா எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தச் சபைக்கு அப்புறம் போகவே இல்லை. கடவுளோடு அவளுக்குப் பிணக்கு எதுவும் கிடையாது, அந்தக் கட்டடத்தோடுதான்.

மிஸ்ஸூரி மாநிலத்தில் ஹார்லோ ஃபோர்க் என்கிற சிறிய ஊரில், தீவனக் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அவள் கைத்துப்பாக்கி செய்கிறாள். செய்கிறாள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. உடல் எங்கிருந்தோ வார்ப்பாக வருகிறது. சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகமான ஸ்லைடு இன்னோர் இடத்திலிருந்து வருகிறது. குழல் வேண்டுமென்றே கொஞ்சம் பருமனாக விடப்பட்டு வருகிறது. இவற்றில் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்துவதுதான் அவள் வேலை. குழல்மீது விளக்குக்கரி தடவிச் செருகுவாள். எடுத்துப் பார்ப்பாள். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே அரத்தால் ஒரே ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி செருகல். ஒரு குழலுக்கு ஒரு வாரம் ஆவதும் உண்டு. கடைசியில் ஒரு நாள் குழல் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, நல்ல குளிர்பெட்டியின் கதவு சாத்துவது போல ஓர் அடங்கிய சத்தம் வரும். அப்போது குழலின் அடிப்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், உளிமுனையால் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். அது கையெழுத்து அல்ல. வேலை முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

ஊருக்கு வெளியே இருந்த தண்ணீர் பம்ப் தொழிற்சாலையில் உலோக அச்சுகளும் கருவிகளும் செய்துகொண்டிருந்தவள் அவள். தொழிற்சாலை மூடப்பட்டபோது கையில் வேலை இருந்தது, வேலைக்கு இடம் இல்லை. இலக்குச் சுடுவதில் அவளுக்குப் பழைய பித்து. சொந்தத் துப்பாக்கிகளைக் கெடுத்துக் கெடுத்தே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். கணவன் கிளைட் டல்சா என்கிற நகரத்துக்குப் போய்விட்டான். போகும்போது, "உனக்கு மனுஷங்ககூடப் பேசறதவிட இரும்புகூடப் பேசறதுதான் பிடிக்குது" என்றான். "இரும்பு பதிலுக்கு முனகாது" என்றாள் அவள். இருவர் சொன்னதும் உண்மைதான். அதனால் சண்டை நீளவில்லை.

டார்சி லெம்லி அவளைவிடப் பத்து வயது இளையவன். டிராக்டர் பேட்டரி விற்றுக்கொண்டிருந்தான். பிறகு துப்பாக்கிகளைப் பற்றி வீடியோ போட ஆரம்பித்து, பேட்டரி விற்பதை விட்டுவிட்டான். நன்றாகப் பேசுவான். அவன் பேசினால் கேட்கலாம். அதுதான் அவனிடம் இருந்த கெடுதல்.

அவன் ரோவீனாவிடம் ஒரு கைத்துப்பாக்கிக்குச் சொல்லிவைத்து, எல்லோரையும் போல இரண்டு வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்து வாங்கிப் போனான். அவள் செய்ததிலேயே நன்றாக அமைந்த இரண்டு மூன்றில் அது ஒன்று. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்கிற வழக்கமும் இல்லை. இலையுதிர் காலத்தில் வீடியோ வந்தது. தொழிற்சாலையா, கைவேலையா என்று தலைப்பு. ஒரு பக்கம் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பெரிய கம்பெனித் துப்பாக்கி. மறுபக்கம் ரோவீனாவின் பெயர் பொறித்தது. கம்பெனித் துப்பாக்கி போட்ட துளைகள் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. ரோவீனாவுடையது இறைத்துவிட்ட சோளம் போலச் சிதறியது. நடுவே இரண்டு முறை தோட்டா சிக்கி நின்றது. டார்சி அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த ஒண்ணோட விலைக்கு அதுல நாலு வாங்கலாம். மிச்சத்துக்குத் தெருவுக்கே பன்றிக்கறி விருந்து போடலாம். கைவேலை கைவேலைன்னு சொல்றாங்களே, யாரோட கைன்னு கேட்டு வாங்குங்கப்பா."

மலிவானது ஜெயிக்கும் கதை யாருக்குத்தான் பிடிக்காது? வீடியோவை நாடே பார்த்தது. சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் கேலன் ஸ்ட்ரவுட் மட்டும் நேரில் வந்து, தொப்பியைக் கையில் சுருட்டியபடி வேண்டாம் என்று சொன்னார். மற்றவர்கள் போனில் சொன்னார்கள். குளிர்காலம் முழுக்க ரோவீனாவின் மேசையில் ஒரே ஒரு துப்பாக்கிதான் கிடந்தது.

அதைவிட மோசமானது வேறொன்று. அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தோட்டா சிக்கியது நடிப்பில்லை. சிதறல் நடிப்பில்லை. அப்படியானால் எங்கேயோ தன் கை தவறியிருக்கிறது. எங்கே? கரியை ஒழுங்காகப் படிக்கவில்லையா? கண் மங்குகிறதா? மேசையில் கிடந்த அந்த ஒரு துப்பாக்கியிலும் அரத்தை வைக்கும்போது, இழுக்கும் முன் ஒரு கணம் தயங்கினாள். இத்தனை வருடத்தில் இல்லாத தயக்கம். வாடிக்கை போனதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தன் கையையே தனக்குச் சந்தேகமாக்கியவனை எப்படிப் பொறுப்பது? என்ன செய்வது என்று தெரியாமலே அவனை வெறுத்தாள். அப்படிப்பட்ட வெறுப்புக்கு வேலை கிடைக்காது. சும்மா கிடந்து துருப்பிடிக்கும்.

ஏப்ரலில் அதற்கு வேலை வந்தது.

போன் க்ரீக் என்னும் இடத்துச் சுடுகளத்தில், யாரும் வந்து சுடலாம் என்கிற வசந்தத்தின் திறந்த நாள் வருடாவருடம் நடக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் வரும். இந்த வருடம் தன் ஒப்பீட்டை எல்லோர் முன்னாலும் நேரடியாகச் செய்து காட்டுவதாக டார்சி அறிவித்திருந்தான். அதே இரண்டு துப்பாக்கிகள். ஆனால் அந்தக் களத்தில் ஒரு பழைய விதி உண்டு. திறந்த நாளில் சுடப்படும் எந்தத் துப்பாக்கியும் களத்தின் பரிசோதகர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். பரிசோதகர் ரோவீனா. வேறு ஆளைப் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். களத்தலைவர் பர்ல் பிக்கெட் எழுபது தாண்டியவர், விதியை மாற்றுவதைவிடக் கூரையை மாற்றுவது சுலபம் என்று நினைக்கிறவர். முடியாது என்றார். டார்சிக்கு அது இன்னும் கொண்டாட்டம். அவளே பரிசோதிப்பதையும் படம் பிடிக்கலாம்.

திறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, சுடுகளக் கொட்டகையில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன. டார்சி கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தான்.

"என்ன அம்மணி, கடை இன்னும் திறந்துதான் இருக்கா? மூடியாச்சுன்னுல்ல கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டதெல்லாம் சொல்றதுதானே உன் பொழப்பு. பெட்டியத் திற."

பரிசோதனை பெரிய காரியமல்ல. காலியாக இருக்கிறதா, தவறி வெடிக்காமல் காக்கும் தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விசையில் எடைக்கல்லை மாட்டித் துப்பாக்கியை மெதுவாகத் தூக்க வேண்டும். கல்லைத் தாங்கினால் சரி. தாங்காமல், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி விழுந்துவிட்டால் விசை மிக இலகு, களத்துக்குள் விடக்கூடாது. முதலில் தன் பெயர் பொறித்ததை எடுத்தாள். கல்லைத் தாங்கியது. விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விசை சரளைக்கல்லில் சறுக்குப்பலகை இழுப்பது போலக் கரகரவென்று வந்தது. அவள் முகம் சுருங்கியது. அவள் இப்படி அனுப்பவே மாட்டாள்.

அடுத்துக் கம்பெனித் துப்பாக்கி. கல்லை மாட்டித் தூக்கினாள். மேசையை விட்டுக் கல் முழுதாக எழுவதற்குள் சுத்தி விழுந்தது. சுத்தமான, மெல்லிய, ஒரே ஒரு சத்தம். கண்ணாடிக் குச்சி ஒடிவது போல.

பர்ல் சிரித்தார். "ஏம்ப்பா டார்சி, உன் கம்பெனி சாமான் பக்கத்துல யாராச்சும் தும்மினாலே சுட்டுரும் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். ரோவீனா சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் இருமலை அடுத்த அறையிலிருந்து கேட்கும் தாய்க்குத் தெரிவது போலத் தெரியும். எந்தக் கம்பெனியின் எந்த இயந்திரமும் அதைச் செய்வதில்லை. குளிர்காலம் முழுக்க அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றது. கல்லைக் கழற்றி வைத்தாள். குரல் மாறவில்லை.

"இப்படியே களத்துக்குள்ள விட முடியாது டார்சி. விதி. என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

அவன் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். விசையை யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள் என்று அவன் சொல்ல முடியாது. கம்பெனித் துப்பாக்கி கடையிலிருந்து வந்தபடி என்பதுதான் அவன் கதையே. திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, கொட்டகை நிறைய ஆள். ஒரு கணம் யோசித்தான். பிறகு பழைய சிரிப்பு வந்தது.

"புது ஸ்ப்ரிங், கொஞ்சம் இளகியிருக்கும். சரி பண்ணிக் குடுங்க அம்மணி. ரெண்டையுமே எடுத்துட்டுப் போங்க. செஞ்சவங்க எப்படிச் செஞ்சு அனுப்பினாங்களோ அப்படியே இருக்கட்டும். டார்சி ஏமாத்திட்டான்னு ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் சொல்லக்கூடாது பாருங்க."

"ரெண்டையுமா?"

"ரெண்டுந்தான். உங்களது நல்லாச் சுட்டா எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லையா?"

மறுபடி சிரிப்பு. ரோவீனா பெட்டிகளை மூடினாள்.

"செஞ்சவங்க செஞ்சபடி. பர்ல், கேட்டுக்கிட்டீங்களா?"

"நான் கேட்டேன். அந்தக் கேமராவும் கேட்டுச்சு" என்றார் பர்ல், பானையைக் கிளறியபடி.

டார்சி அவ்வளவு துணிந்ததற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. அவன் தொழிற்சாலையை உண்மையாகவே நம்பினான். குழல் என்றால் குழல், ஸ்ப்ரிங் என்றால் ஸ்ப்ரிங். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், எதற்கும் முகம் கிடையாது என்பது அவன் எண்ணம். உலகத்தில் பெரும்பாலான பொருள்களைப் பற்றி அது சரியான எண்ணமும்கூட. இந்த ஒன்றைப் பற்றித்தான் தவறு.

சனிக்கிழமை காலை ரோவீனா தன் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் பிரித்துப் போட்டாள். கம்பெனித் துப்பாக்கிக்குள்ளிருந்து வந்த குழலைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் புள்ளி இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன் குழல். தன் சுத்தி. தன் விசை. எல்லாம் அந்தக் கம்பெனி உடலுக்குள். தன் பெயர் பொறித்த உடலுக்குள் கம்பெனிக் குழல், அது டம்ளருக்குள் போட்ட கரண்டி போலக் கடகடத்தது. கம்பெனி பேரில் ஜெயித்தது அவள் வேலை. அவள் பேரில் தோற்றது கம்பெனி வேலை. அந்தக் கம்பெனிக்கும் இது தெரிந்திருக்காது. இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பொருளின் குடலை எடுத்து இன்னொன்றில் வைத்தால் எது எது? வெளியே பொறித்த பெயரா, உள்ளே இருக்கும் உழைப்பா? உட்கார்ந்து யோசிக்கத் தகுந்த கேள்வி. ரோவீனாவுக்கு அன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. அவள் குழலின் பின்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த விளிம்பைத்தான் அவள் கடைசியாக, மிகப் பொறுமையாக, மயிரிழை மயிரிழையாக எடுத்திருந்தாள். இப்போது அங்கே முரட்டு அரத்தின் சாய்வான கீறல்கள். வேறொரு ஸ்லைடுக்குள் நுழையவில்லை என்று டார்சி சமையலறையில் உட்கார்ந்து ராவியிருக்கிறான். அவன் பொய்யைவிட, தன் பிழைப்பைக் கெடுத்ததைவிட, அந்தக் கீறல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கூடவே இன்னொன்றும் புரிந்தது: தன் கை தவறவில்லை. குளிர்காலம் முழுக்கத் தன்னையே சந்தேகப்பட்டது வீண். அந்த மாதங்களை அவனிடமிருந்து எப்படித் திருப்பி வாங்குவது?

மேசையிலிருந்த அரத்தை எடுத்தாள். கம்பெனிக் குழல் முன்னால் கிடந்தது. அந்தக் குழலின் வாயில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நாளைக்கு அது கொட்டகைக் கதவைக்கூடத் தொடாது. வேறு யாருக்கும் தெரியாது. வெகு நேரம் அரத்தைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு வைத்துவிட்டாள். நல்ல குணத்தால் அல்ல. ஒரு கீறல் போட்டாலும் அவன் பக்கம் ஒரு கீறல் அளவு நியாயம் சேர்ந்துவிடும். அவனுக்கு எந்த நியாயமும் மிஞ்சக்கூடாது. அவ்வளவு சுத்தமாக அவனை முடிக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. பர்ல் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சோடு வந்திருந்தார். ரொட்டிக்கு வெளியே கறி தட்டகலம் நீட்டிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தார். அவரும் ஆயுளெல்லாம் சுட்டவர். ரோவீனா புள்ளியைக் காட்டினாள், பிறகு கீறலை.

பர்ல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அடப்பாவி. ஏம்மா, இப்பவே எல்லாரையும் கூப்பிடட்டுமா? களத்துக் கொட்டகையில வச்சுக் கேட்ருவோம்."

"கேட்டா?"

"கேட்டா என்ன, வெட்ட வெளிச்சமாயிரும்."

"ஆகாது. வாடிக்கை போன பொம்பள வயித்தெரிச்சல்ல சொல்றான்னு சொல்வான். புள்ளி நேத்து ராத்திரி நானே வச்சதுன்னு சொல்வான். அவன் பேசினா கேக்க நல்லா இருக்கும் பர்ல். நான் பேசினா எனக்கே நல்லா இருக்காது."

"அப்புறம் என்னதான் பண்ணப்போற?"

"அவன் சொன்னதப் பண்ணப்போறேன்."

பர்ல் மேசையில் கிடந்த இரண்டு குழல்களையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாக அவருக்குப் புரிந்தது. "உன்கூட ஒரு நாளும் வம்பு வச்சுக்கக்கூடாதும்மா" என்றார்.

"சாண்ட்விச்ச வச்சுட்டுப் போங்க."

கம்பெனிப் பாகங்களைக் கம்பெனி உடலில் மாட்டினாள். அவை எந்தத் தகராறும் செய்யாமல் போய் உட்கார்ந்தன. அதற்காகத்தானே அவை செய்யப்படுகின்றன. விசை இப்போது கல்லைத் தாங்கியது. துடைத்து, எண்ணெய் போட்டு, ஒரு குறையும் இல்லாமல் மூடிவைத்தாள். கம்பெனிக்காரர்களே வந்திருந்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள்.

தன் சுத்தியும் விசையும் தங்கள் சொந்த உடலுக்குத் திரும்பியதும் அவையும் கல்லைத் தாங்கின. தன் குழலுக்குத்தான் நாள் முழுக்கப் பிடித்தது. டார்சி ராவிய விளிம்பில் உருக்கி இரும்பு ஏற்றினாள். ஆறவிட்டாள். பிறகு கரி, செருகல், அரம். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அரத்தை வைத்தபோது கை தயங்கவில்லை. ஒவ்வோர் இழுப்பிலும் அவன் முகம் இருந்தது. அது கையைக் கெடுக்கவில்லை, ஆச்சரியமாக. சாயங்கால வெயில் தகரத்தில் சாயும்போது குழல் தன் வீட்டுக்குள் போய் அந்த அடங்கிய சத்தத்தைப் போட்டது. ரோவீனா ஆறிப்போன சாண்ட்விச்சைத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் களம் நிறைந்திருந்தது. லாரிகள் சாலைவரைக்கும் நின்றன. துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் கனமான இரும்புத் தாங்கி ஒன்று களத்தில் உண்டு. அதில் மாட்டிச் சுட்டால் சுடுகிறவன் கையைக் குறை சொல்ல முடியாது. டார்சியே அதைக் கேட்டு வாங்கியிருந்தான். தன் கதைக்கு அது நல்லது என்று நினைத்திருந்தான். தோட்டாக்களும் அவன் கொண்டுவந்தவைதான்.

முதலில் இருபத்தைந்து கஜத்தில் கம்பெனித் துப்பாக்கி. பரவாயில்லை. துளைகள் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். டார்சி தாளைப் பார்த்துச் சற்றுப் புருவத்தைச் சுருக்கினான். பிறகு ஐம்பது கஜத்துக்குத் தாளைக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேதான் அது கலைந்தது. துளைகள் ஒன்றையொன்று தெரியாதவை போலத் தாளெங்கும் உட்கார்ந்தன. இரண்டு தாளுக்கு வெளியே போய்விட்டன. டார்சி தாங்கியின் திருகுகளை இறுக்கினான். மறுபடி சுட்டான். மறுபடி அதே கதை. பேச்சு குறைந்தது அவனுக்கு.

பர்ல் சாவதானமாகக் கைவேலைத் துப்பாக்கியைத் தாங்கியில் மாட்டினார். ஐம்பது கஜம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தொலைநோக்கியில் பார்த்தவர், பாதியில் பார்ப்பதை விட்டுவிட்டார். தாளைக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார். நடுவில் கிழிந்த ஒரே ஓட்டை. கோட்டுப் பொத்தானால் மூடிவிடலாம். ஒரு தோட்டாவும் சிக்கவில்லை.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. யாரோ மட்டும், "இதுவா சோளம் இறைச்ச துப்பாக்கி?" என்று கேட்டார்கள். பல பேர் கையில் போன் இருந்தது. எல்லாம் டார்சியைப் பார்த்தபடி இருந்தன.

"இதுல என்னவோ பண்ணியிருக்காங்க" என்றான் டார்சி. கம்பெனித் துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினான். "இது என் துப்பாக்கியே இல்ல. இது இப்படிச் சுடாது."

"நீதானப்பா செஞ்சபடி ஆக்கச் சொன்ன" என்றார் பர்ல். "உன் கேமராவுலயே இருக்கு."

"ஆக்கச் சொன்னேன். கெடுக்கச் சொல்லல."

ரோவீனா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். குளிர்காலம் முழுக்க இந்தச் சில அடிகளைத்தான் நடக்கக் காத்திருந்தாள், அது எங்கே என்று தெரியாமல்.

"எதக் கெடுத்தேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு நாள் உங்ககிட்டதானே இருந்துச்சு."

"என்ன மாத்தினேன்னு சொல்லு டார்சி. எல்லாப் பாகமும் இங்கதான் இருக்கு. நீ சொன்னா இதே மேசைல பிரிச்சு, முன்னால இருந்தபடி மாட்டித் தரேன். எல்லாரும் பாக்கட்டும். எதுன்னு மட்டும் சொல்லு."

"அது... குழல்..."

"எந்தக் குழல்?"

எந்தக் குழல் என்று சொன்னால், அதை முதலில் மாற்றியவன் தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ரோவீனா அவசரப்படவில்லை. களத்தின் மேல் காற்று அடித்து இலக்குத் தாள்கள் படபடத்தன. பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, "ஓ" என்றார், கணக்குப் புரிந்தவர் போல. பிறகு இன்னொருவர். அந்த 'ஓ' ஒவ்வொரு வாயாக நகர்ந்து முன்னால் வந்தது. டார்சி அது வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தக் குழல்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்ல" என்றான் டார்சி.

"அப்ப நான் எதையும் கெடுக்கல."

"இல்ல."

"சத்தமாச் சொல்லு. கேமரா தூரத்துல இருக்கு."

"கெடுக்கல" என்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன. நல்ல பேச்சுக்காரன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அன்று பேசவில்லை.

கூட்டம் கலையும்போது கேலன் ஸ்ட்ரவுட் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "ரோவீனா, தப்பா நெனச்சுக்காதீங்க. என் பேர மறுபடி சேத்துக்கறீங்களா? எத்தன நாளானாலும் காத்திருக்கேன்."

ரோவீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எத்தன கஜத்துல சுடறீங்க கேலன்?"

"வழக்கமா இருபத்தஞ்சுதான்."

"உங்க கைய நான் பாத்திருக்கேன். கொஞ்சம் ஆடும். டார்சியோட அந்தக் கம்பெனித் துப்பாக்கிய வாங்கிக்குங்க. இருபத்தஞ்சு கஜத்துக்கு அது போதும். என்னது உங்களுக்கு வீண்."

அவர் முகம் வாடியது. அவள் சொன்னது நேர்மையான ஆலோசனை. ஒரு வார்த்தையும் மாற்றத் தேவையில்லாத உண்மை. ஊரில் பாதிப்பேருக்குத் தொழிற்சாலைச் சரக்கே போதும் என்பதை அவள் எப்போதோ அறிந்திருந்தாள். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. அதே சமயம் அது தொப்பியைச் சுருட்டியபடி வேண்டாம் என்று சொன்னவருக்கான அடியும்தான். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இத்தனை கச்சிதமாகப் பொருந்தும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டார்சி அவள் கொட்டகைக்கு வந்தான். வீடியோவை எடுத்துவிட்டிருந்தான். அதற்குள் மற்றவர்களின் போனில் பிடித்தது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. கைவேலைத் துப்பாக்கியின் பெட்டியை மேசையில் வைத்தான்.

"இத நீங்களே வச்சுக்குங்க. காசு எதுவும் வேணாம்."

"எதுக்கு?"

"என்னால வச்சிருக்க முடியாது."

"ஏன், சரியாச் சுடலையா?"

"சுடுது." எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "இதுக்கு முன்ன நான் இப்படி ஒண்ணச் சுட்டதே இல்ல. வாங்கின அன்னிக்கே தெரியும். பாதிப்பேர் கம்பெனித் துப்பாக்கிதான் வச்சிருக்கான். அவன் தோக்கறத அவனே காசு குடுத்தா பாப்பான்? அதான்..."

ரோவீனா பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். அவன் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான். அவளுக்கு மன்னிக்க வராது என்பது அவனுக்குத் தெரியாது. பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"காத்திருந்து வாங்கினது நீ. உன்னது. எடுத்துட்டுப் போ."

"நான் இத வச்சுட்டு என்ன பண்றது?"

"சுடு."

அவன் போன பிறகு அவள் மேசையில் கிடந்த குழலை எடுத்துக் கரி தடவினாள். அவள் கையால் அமைந்தவற்றில் ஆகச் சிறந்த ஒன்று அவன் வீட்டுக்குப் போகிறது என்பது கொஞ்சம் எரிந்தது. கொஞ்சம்தான்.

அந்தக் கோடையில் ஒரு வேலைநாள் பிற்பகல், களத்தின் கொட்டகையில் உட்கார்ந்து ரோவீனா பீச் பை தின்றுகொண்டிருந்தாள். களத்தின் கோடியில் யாரோ தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்கவில்லை. ஸ்லைடு போய் மூடும் சத்தத்திலேயே எந்தத் துப்பாக்கி, யார் கையில் என்று தெரிந்தது. கேமரா இல்லை, கூட்டம் இல்லை. ஒரு தோட்டாவும் சிக்கவில்லை. வெடி நின்றது. தாளைப் பார்க்க அவன் நடந்து போவதும், அங்கே வெகு நேரம் நின்றுவிடுவதும் கேட்டது. இத்தனை நல்ல ஒன்றை யாரிடமும் காட்ட முடியாமல் தாளைச் சுருட்டி எடுத்துப் போக வேண்டும்.

பர்ல் காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "போய் ஒரு வார்த்த பேசிட்டு வாயேம்மா. பாவம், ஆளே ஒடுங்கிட்டான்."

"பை ஆறிடும்" என்றாள் ரோவீனா.

அது காலையிலேயே ஆறியிருந்தது. இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். பழிவாங்கியது ருசிக்கவில்லை, வாய் கசந்தது என்று பின்னாளில் சொல்கிறவர்கள் உண்டு. அவள் அப்படிச் சொன்னதில்லை. கோடியில் வெடி மறுபடி தொடங்கியது. ரோவீனா காதைக் கொடுத்தபடி, நிதானமாக, தட்டில் துணுக்கு மிஞ்சாமல் தின்று முடித்தாள்.